செம்புத் தகட்டில் ஒரு கடல் சாமந்தி

சங்கரன்கோவிலில் அறிவுள்ள மனிதர் ஒரே ஒருவர்தான் என்பது சண்முகையா சாரின் முடிவு. அந்த ஒருவரைத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். மற்றவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பி.எஸ்ஸி. விலங்கியல், அதன் மேல் ஒரு பி.எட். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவை டைப் அடித்து முடித்தாயிற்று. பள்ளிக்கூடச் செக்ரட்டரியின் வீட்டு மேஜை டிராயரில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஒருமுறை செக்ரட்டரி பேனா எடுக்க டிராயரைத் திறந்தபோது சண்முகையாவே தம்முடைய பெயரை அதில் பார்த்திருக்கிறார். அப்புறம் டிராயர் மூடிக்கொண்டது.

செக்ரட்டரி என்றால் சங்கரபாண்டி அண்ணாச்சி. நாற்பது விசைத்தறி ஓடுகிறது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ‘அஞ்சாங்கிளாசுக்குக் கீழே பி.எஸ்ஸி. கைகட்டி நிற்க வேண்டியிருக்கு’ என்று சண்முகையா ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டுச் சாயங்காலம் அங்கே போய்க் கைகட்டி நிற்பார்.

அந்த வீட்டு முன்னறையில்தான் தொட்டி இருந்தது. அண்ணாச்சியின் மகளை மருமகளாக எடுத்தவர் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் பொன்னுச்சாமி. சம்பந்தி வீட்டுக்கு யாரும் கொடுக்காத பொருளாகக் கொடுக்கவேண்டும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கடலையே நாலடிக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். இரும்புச் சட்டம், மேலே ஒரு டியூப்லைட், குமிழி விடும் மோட்டார், அடியில் கடல் கற்கள். நடுக்கல்லின் மேல் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தி, பூ மாதிரி விரிகிற பிராணி, நுனியெல்லாம் ஊதா. அதன் விரல்களுக்குள்ளே வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள் புரண்டு புரண்டு குடித்தனம் நடத்தின. வீட்டில் எல்லோரும் அதைப் ‘பெரிய பூவு’ என்றார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் தூத்துக்குடிக்கு ஜவுளி பேல் ஏற்றிப் போகும் லாரியில், டிரைவர் ரசூல் பாய் திரும்பும்போது ஆறு கேன் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்.

ஊரே வந்து பார்த்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ‘இது மலருமா, காய்க்குமா?’ என்று ஒருத்தர் கேட்டார். ‘மீனு அதைத் தின்னுமா, அது மீனைத் தின்னுமா?’ என்று இன்னொருத்தர். சண்முகையா இதையெல்லாம் மனசுக்குள் சேர்த்துவைத்து மறுநாள் ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டுவார். அவருமே கடல் சாமந்தியை உயிரோடு பார்த்தது அந்தத் தொட்டியில்தான் முதல் தடவை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரியில் பார்த்தது பாட்டிலுக்குள், ஃபார்மலினில், கெட்டுப்போன ஊறுகாய் நிறத்தில்.

எண்பத்துநாலாம் வருஷம் வைகாசியில் தொட்டிக்கு வினை வந்தது. கற்களோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று முளைத்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தவிட்டு நிறத் தண்டு, அதன் தலையில் சிலும்பின மயிர். முதலில் இரண்டு, அப்புறம் பத்து, அப்புறம் முப்பது. அதுவும் கடல் சாமந்தி வகைதான், ஆனால் களை. பக்கத்தில் போன மீனைக் கொட்டியது. பெரிய பூவு அந்தப் பக்கமாக விரிவதை விட்டுவிட்டு ஒருச்சாய்ந்து ஒடுங்கிக்கொண்டது.

அண்ணாச்சி ஆள் விட்டுச் சண்முகையாவை அழைத்தார்.

“ஆடித்தபசுத் திருநாளுக்குச் சம்பந்தகாரரு வாராரு. குடுத்த பொருள இப்படியா வே சொறி பிடிக்க விடுவீருன்னு கேட்டா என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? நீரு இதுக்குத்தான படிச்சீரு? தொட்டியச் சுத்தமாக்கிக் காட்டும். அன்னைக்கே டிராயரத் தொறக்கேன்.”

“இது குழியுடலிங்க அண்ணாச்சி. சாதாரணம். நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சண்முகையா. குழியுடலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணாச்சிக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், சண்முகையா குடைக்கம்பி ஒன்றின் நுனியில் பாதி பிளேடைக் கட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு களையாகச் சுரண்டி எடுத்தார். வீடே சுற்றி நின்று பார்த்தது. துண்டும் துணுக்குமாகத் தண்ணீரில் பறந்து கல்லிடுக்கெல்லாம் போய் உட்கார்ந்தன. கற்கள் பளிச்சென்று ஆயின. அண்ணாச்சி அவருக்கு இரண்டு வடை வைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

பதினைந்து நாளில் முப்பது முந்நூறாயிற்று. ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுக் களையாக எழுந்து நின்று மயிரைச் சிலுப்பியது. அதே வாரம் சண்முகையா ஒன்பதாம் வகுப்பில், குழியுடலியான ஹைட்ராவை நாலாக நறுக்கினால் நாலு ஹைட்ரா வரும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தார். அதில் பரீட்சை வைத்து, எழுதாத பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியும் இருந்தார். அந்தப் படம் கரும்பலகையை விட்டு இறங்கி அவர் மண்டைக்குள் போகவே இல்லை.

தண்ணீர் கேனை இறக்கிவைத்துவிட்டு ரசூல் பாய்தான் பேச்செடுத்தார்.

“சார், தொட்டி செஞ்சு குடுத்தவருகிட்ட தூத்துக்குடியில கேட்டேன். இத வெட்டவே கூடாதாம். எலுமிச்சஞ்சாற ஊசியில ஏத்தி, ஒண்ணொண்ணுக்கும் வாய்க்குள்ள விடணுமாம். பொசுங்கிப் போயிருமாம். பொறுமைதான் வேணும்னாரு. நாளைக்கிப் புளியங்குடிக்கு லோடு இருக்கு, நல்ல பழமா ஒரு கூடை எடுத்தாரட்டுமா?”

“என்ன பாய், சர்பத் கடை போடப் போறீரா?” என்றார் சண்முகையா. அண்ணாச்சி கூடவே நின்றதால் குரலை ஏற்றினார். “நீரு லாரிய ஓட்டும். விலங்கியல நான் ஓட்டிக்கிடுதேன்.”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். ரசூல் பாய் தலையை ஆட்டிக்கொண்டு காலிக் கேன்களை எடுத்துப் போனார். எலுமிச்சையில் அமிலம் இருக்கிறது, அது வேலை செய்யலாம் என்று சண்முகையாவுக்கு அந்த நிமிஷமே பட்டது. ஆனால் லாரி டிரைவர் சொன்னதை பி.எஸ்ஸி. எப்படிச் செய்வது? பதிலுக்குத் தம் சொந்த வைத்தியம் ஒன்றைச் சொன்னார். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும், தொட்டியை ஜமுக்காளத்தால் மூட வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் களைக்கு வளர்ச்சி இல்லை. அப்படியே செய்தார்கள்.

ஜமுக்காளம் போட்ட மறுநாள் அண்ணாச்சியின் வீட்டுக்காரி உலகம்மாள் அவரிடம் வந்து நின்றாள். கெட்டியாகப் பேசத் தெரியாத மனுஷி. ஏற்கெனவே கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தொட்டியின் நாலு மூலையிலும் வெளிப்பக்கமாகப் பூசி வைத்திருந்தாள்.

“சார், போன வருசம் தறிக் கொட்டகையில பூரான் அடஞ்சு கெடந்துச்சு. கோயில் வாசல்ல பூரான் உருவம் வாங்கி உண்டியல்ல போட்டேன், ஒண்ணு இல்லாமப் போயிருச்சு. இதுக்கும் போடுவோம்னு போனா, கடையில பாம்பு இருக்கு, தேளு இருக்கு, பல்லி இருக்கு. இது இல்ல. தங்கப்பழம் ஆசாரி, படம் குடுத்தா தட்டித் தாரேன்னு சொல்லுதாரு. நீங்க ஒண்ணு வரஞ்சு தாங்க சார்.”

சண்முகையாவுக்கு உள்ளுக்குள்ளே கொண்டாட்டம். ஆசிரியர் அறைக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? ஒரு முழுத்தாள் வாங்கி, பரீட்சையில் வரைவதுபோல் பெரிதாக வரைந்தார். அம்புக்குறி போட்டு உணர்கொம்பு, வாய், பாதத்தட்டு என்று பாகங்களும் எழுதினார்.

“பாகமும் குறிச்சிருக்கேன் மைனி. அம்மனுக்குச் சந்தேகம் வந்துரப்பிடாதுல்லா?”

“சரி சார்” என்றாள் உலகம்மாள். “வெள்ளியில தட்டச் சொல்லட்டுமா?”

“இந்தச் சில்லறப் பூச்சிக்கு வெள்ளி எதுக்கு? செம்புல தட்டச் சொல்லுங்க, போதும். அப்புறம் உண்டியல்ல போடாதீங்க மைனி. அங்கன ஆயிரம் தேளும் பாம்பும் கெடக்கும். இது யாரு வீட்டுதுன்னு அம்மன் எங்க போயித் தேடுவா? தொட்டிக்குள்ளயே போட்டுருங்க. நேரா இங்கன வந்து பாத்துக்கிடுவா.”

உலகம்மாள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சண்முகையா சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பஸ்ஸில் கரிவலம் வரைக்கும் தனியாகச் சிரித்தார். மறுநாள் இடைவேளையில் நடித்துக் காட்டியபோது தமிழ் வாத்தியாருக்குப் புரைக்கேறிவிட்டது. அதோடு சண்முகையா அதை மறந்தும் போனார். படித்தவர் வாயிலிருந்து வந்த சொல்லை யாராவது நம்பிச் செய்வார்கள் என்பது அவருக்கு நினைப்பிலேயே இல்லை.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் களைகள் சுருண்டிருந்தன. மயிர் உதிர்ந்து, தண்டு குழைந்து, கல்லை விட்டுக் கழன்று ஒவ்வொன்றாக விழுந்தன. இன்னும் நாலு நாளில் முந்நூறில் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

“எல்லாம் ஜமுக்காளம்தான் அண்ணாச்சி” என்றார் சண்முகையா. கைகட்டியிருந்தவர் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெளிச்சம், உணவு, உயிர் என்று அரைமணி நேரம் பேசினார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை ரசூல் பாய் வந்தபோது, “என்ன பாய், பழம் அழுகிப் போச்சா?” என்று கேட்கவும் தவறவில்லை.

“நல்லதுதான சார், எப்படியோ போனாச் சரி” என்றார் ரசூல் பாய். அப்புறம் குனிந்து பார்த்துவிட்டு, “பெரிய பூவு ஏன் சார் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு?” என்றார்.

அதை அன்றைக்குச் சண்முகையா காதில் வாங்கவில்லை. நாலு நாளுக்கப்புறம், தபசுக்கு ஐந்து நாள் இருக்கையில், ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு டியூப்லைட்டைப் போட்டார். தாம்பாளம் அகலம் இருந்த பூவு ஒரு கிண்ணத்துக்குள் அடங்குகிற அளவுக்கு ஒடுங்கியிருந்தது. ஊதா போய்ச் சாம்பல் தட்டியிருந்தது. வாய்க்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ கோழை வழிந்தது. மீன்கள் இரண்டும் கிட்டே போவதும் விலகுவதுமாக இருந்தன.

சண்முகையா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். நடுக்கல்லுக்குப் பின்னால் என்னமோ மினுங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. அதில் தங்கப்பழம் ஆசாரி உளியால் தட்டிய ஒரு கடல் சாமந்தி. அந்த மனுஷன் கொடுத்த படத்தில் ஒரு கோட்டைக்கூட விடவில்லை. அம்புக்குறி இருந்தது. உணர்கொம்பு, வாய், பாதத்தட்டு என்று எழுத்தும் இருந்தது. ஓரமெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

இந்தமாதிரி உயிருக்குச் செம்பு ஆலகால விஷம். கல்லூரிச் சோதனைச்சாலையில் ஹைட்ரா வளர்த்த தொட்டி பக்கத்தில் ஒரு செம்புக் கம்பியைக்கூடப் பேராசிரியர் விடமாட்டார். குளத்து நத்தையைக் கொல்ல மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுவதைப் பத்தாம் வகுப்பில் இவரே வருஷா வருஷம் நடத்துகிறார். களைகளைக் கொன்றது ஜமுக்காளம் அல்ல என்பது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

கையைத் தண்ணீருக்குள் விட்டார். தகட்டில் விரல் பட்டது.

“எடுத்துராதீங்க சார்” என்று பின்னாலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது. “தபசு வரைக்கும் கெடக்கட்டும்னு நேந்திருக்கேன்.”

மைனி, இது விஷம், உடனே எடுக்கணும், பாயை இன்றைக்கே அனுப்பித் தண்ணீர் முழுக்க மாற்றினால் பூவு பிழைத்தாலும் பிழைக்கும். இவ்வளவும் அவர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? விஷமென்றால் ஏன் போடச் சொன்னீர்கள்? கிண்டலுக்குச் சொன்னேன். யாரைக் கிண்டல் பண்ணினீர்கள்? செக்ரட்டரி பெண்டாட்டியை. கூடவே ஊர் காக்கும் கோமதி அம்மனை. சண்முகையாவின் கண் தொட்டியைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த மேஜைக்குப் போய் டிராயரின் பித்தளைப் பிடியில் நின்றது.

கையை வெளியே எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார்.

“கெடக்கட்டும் மைனி.”

“பெரிய பூவு ஏன் சார் வாடுது?”

“உஷ்ணம்” என்றார்.

ஊரையெல்லாம் முட்டாள் என்றவர், தெரிந்தே ஒரு உயிரை அழுக விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தபசு அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு, தறிகளும் ஓடவில்லை. ஊருக்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம். காலையிலேயே பொன்னுச்சாமி காரில் வந்து இறங்கினார். அண்ணாச்சி முன்னறையில் சாம்பிராணி போடச் சொல்லியிருந்தார், முந்தின நாளிலிருந்தே ஒரு வாடை வந்துகொண்டிருந்ததால்.

“ஒரு பூச்சி கெடையாது, பாத்துக்கிடும் சம்பந்தகாரரே! எல்லாம் நம்ம சாரு கைங்கரியம்” என்று சண்முகையாவை முன்னால் தள்ளினார் அண்ணாச்சி.

பொன்னுச்சாமி குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். “பூச்சி இல்ல, சரி. பூவு எங்க?”

நடுக்கல்லின் கீழே நனைந்த கந்தல் மாதிரி ஒரு குவியல் கிடந்தது.

“இது செத்து ரெண்டு நாளாச்சேய்யா” என்றார் பொன்னுச்சாமி. பட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கைவிட்டு, கல்லுக்குப் பின்னாலிருந்து தகட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு பாகமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். “செம்பா? தோணி அடியில பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்கத்தான அந்தக் காலத்துல செம்புத் தகடு அடிப்பாங்க? கடல்ல இருக்க இந்தச் சீவனுக்கெல்லாம் இது எமனுல்லா. யாரு போட்டது?”

“நாந்தான் போட்டேன்” என்றாள் உலகம்மாள். முகம் வெளுத்துவிட்டது. “சாருகிட்டக் கேட்டுத்தான் போட்டேன். செம்புல தட்டச் சொன்னதும் சாருதான், தொட்டிக்குள்ள போடச் சொன்னதும் சாருதான். படமும் அவுக போட்டதுதான்.”

அதில் கோள் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

அண்ணாச்சி சண்முகையாவைப் பார்த்தார். வழக்கமாகக் காதை அடைக்கும் தறிச்சத்தம் இல்லாததால் தொட்டியின் குமிழிச்சத்தம் பெரிதாகக் கேட்டது.

“சார், செம்பு இதுக்கு ஆகாதுன்னு ஒமக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும் என்றால் வீட்டுக்காரியைக் கேலி பண்ணினவன். தெரியாது என்றால் விலங்கியல் தெரியாத விலங்கியல் வாத்தியார். வெளியே மேளம் ஒன்று தெருமுனை திரும்பியது.

“தெரியாது அண்ணாச்சி.”

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அதான பாத்தேன்! தெரிஞ்சு சொல்லியிருந்தீருன்னா இன்னைக்கே ஒம்மப் பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிருப்பேன். தெரியாத மனுசனை என்ன செய்ய? நாலு வருசமா குழியுடலி அது இதுன்னு பேசுதாரே, என்னத்தத்தான் படிச்சிருக்காரோன்னு எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. கடைசியில பாத்தா நம்ம ஆளுதான்!”

சிரித்த வாயோடு போய் டிராயரைத் திறந்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, நீட்டினார். பொன்னுச்சாமியும் சிரித்துக்கொண்டே தகட்டைத் துண்டில் துடைத்து உத்தரவின் மேலேயே வைத்தார். “இதையும் நீரே வச்சுக்கிடும் சார். பாகமெல்லாம் குறிச்சிருக்கு. பாடம் நடத்த ஆகும்.”

ரசூல் பாய் பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே வந்து, மீன் இரண்டையும் குவளையால் மொண்டு அதில் விட்டார். சண்முகையாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வாளிக்குள் மீன்கள் வெறும் பிளாஸ்டிக்கில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தன.

சண்முகையா ஒரு கையில் உத்தரவும் ஒரு கையில் தகடுமாக நின்றார். நாலு வருஷம் ஆசைப்பட்டது கையில் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஆண்கள் கோயிலுக்குக் கிளம்பும் சத்தம் வாசலில் கேட்டது. உலகம்மாள் உள்ளேயிருந்து காப்பி எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“தெரியாததுல என்ன சார் இருக்கு?” என்றாள், யாருக்கும் கேட்காத தணிந்த குரலில். “எனக்கு மட்டும் என்ன தெரியும்? என்னமோ நல்லதுக்குன்னுதான் செஞ்சோம். மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்க.”

அந்தக் குரலில் எங்கேயாவது ஒரு பொட்டுக் கேலி இருக்கிறதா என்று சண்முகையா தேடினார். இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இல்லை. அவள் நிஜமாகவே அவருக்காக வருத்தப்பட்டாள். உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். ஆறுதலுக்கென்று சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டிருந்தாள்.